கம்பம்மெட்டுச் சேற்றில் ஜீப்புக்குச் சங்கிலி

எங்கள் ஏலக்காய்த் தோட்டம் இடுக்கி மலையில், கம்பம்மெட்டிலிருந்து வண்டன்மேடு போகிற வழியில், தார் ரோட்டை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 3 ஏக்கர். வீடு கம்பத்தில். காலையில் மலை ஏறுவது, சாயங்காலம் இறங்குவது. அந்த ஒன்றரை கிலோமீட்டரில் முதல் ஒரு கிலோமீட்டர் கல் பாவிய பாதை, எந்த மழைக்கும் அசையாது. அதைத் தாண்டி வருகிற பலாமரத்து வளைவுதான் கஷ்டம். சுமார் 60 மீட்டர் நீளம், செம்மண்ணும் களியும் கலந்த தரை. 10 அடிச் சட்டமும் ரசமட்டமும் வைத்து அளந்து பார்த்தேன். 10 அடிக்கு இரண்டரை அடி ஏறுகிறது. வெயில் காலத்தில் அப்படி ஒரு ஏற்றம் இருப்பதே தெரியாது. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் அந்த 60 மீட்டர் ஒரு நாள் வேலையையே தின்றுவிடும்.

ஏலக்காய்க்கு மழையும் காய் எடுப்பும் ஒன்றாக வரும். ஜூலை, ஆகஸ்டில் முதல் சுற்றுக் காய் எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் மழை உச்சத்தில் இருக்கும். எடுத்த பச்சைக்காயை மூட்டையில் கட்டிப் போட்டுவைக்க முடியாது. உடனே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்த வேண்டும். தாமதமானால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் புத்தடியிலும் போடியிலும் நடக்கிற ஏல விற்பனையில் விலை விழுந்துவிடும். ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்க ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் வேண்டும், அதனால் சுமையும் அதிகம். போன வருஷம் ஆகஸ்டில் இரண்டு நாள் ஜீப் ஏறாமல், காய் எடுக்க வந்த அக்காக்களே தலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவைக் கடந்தார்கள். ஒரு அக்கா வழுக்கி விழுந்து முட்டியைப் பிசகிக்கொண்டார். பத்து நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வளைவுக்கு ஒரு வழி செய்யாமல் அடுத்த மழையைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வண்டி பழைய மஹிந்திரா ஜீப். 6.00-16 டயர், ஃபோர் வீல், லோ கியர் எல்லாம் உண்டு. அப்புறம் ஏன் ஏறவில்லை என்று கேட்பார்கள். நானே பலமுறை சேற்றில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் களி மாவு மாதிரி ஒட்டும். டயர் இரண்டு சுற்று சுற்றினால் போதும், டயர் முகத்தில் இருக்கிற பட்டன் மேடுகளின் இடுக்கெல்லாம் களி அடைத்துக்கொண்டு டயர் வழவழவென்று உருளையாகிவிடும். ஃபோர் வீல் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் சேர்ந்து இழுக்கும் என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு அச்சிலும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. எந்தப் பக்கச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதுதான் சுற்றும், தரையைப் பிடித்திருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் வழுக்கினால் ஜீப் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் அது சேற்றைக் கடைவதற்குத்தான் போகும்.

சங்கிலி கட்டுவது மலையில் புதுசு இல்லை. மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப்புகளில் சங்கிலி சுற்றிக்கொண்டு போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நானும் முதலில் ஒரு தப்பைச் செய்தேன். கிடங்கில் கிடந்த நீளச் சங்கிலியை எடுத்து, சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கில் இருக்கிற ஓட்டைகள் வழியாக விட்டு, டயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். 20 மீட்டர் நன்றாக ஏறியது. அப்புறம் ஒரு சுற்று தளர்ந்து, அதன் முனை உள்பக்கமாகப் போய் அடித்தது. டங், டங் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் பிரேக் பைப் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. ஆயில் கசியவில்லை. ஆனால் இன்னும் நாலு அடி விழுந்திருந்தால், சரிவில் பிரேக் இல்லாத வண்டியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அன்றைக்கே பைப்பை மாற்றினேன். அந்தச் சங்கிலியை மறுபடி டயர் பக்கம் கொண்டுபோகவில்லை.

வழி சொன்னது என் மாமா. ராணுவத்தில் லாரி ஓட்டியவர், ஸ்ரீநகரிலிருந்து லே போகிற ரோட்டில் பல வருஷம். சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கும் ஜோஜிலா கணவாயில் பனி விழுந்தால் சங்கிலி இல்லாமல் லாரியை நகர்த்த முடியாது என்பார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மாப்ள, சங்கிலி கனமா இருந்தா பிடிக்கும்னு நெனைக்காத. டயரோட ஒட்டி நின்னாத்தான் பிடிக்கும். ஒரு விரல் நுழையலாம், ரெண்டு விரல் நுழைஞ்சா கழட்டிரு." அதற்கப்புறம் நான் செய்தது எல்லாமே இந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான்.

ஏணி மாதிரி ஒரு சங்கிலி. டயரின் உள்பக்கக் கன்னத்தில் ஒரு சுற்று, வெளிப்பக்கக் கன்னத்தில் ஒரு சுற்று. இரண்டையும் இணைத்து, டயர் முகத்தின் குறுக்கே படிகள். பக்கச் சங்கிலிக்கு 6 மி.மீ., குறுக்குப் படிக்கு 8 மி.மீ. தரையில் அடி வாங்குவது படிதான், அதனால் அதற்குக் கனம் வேண்டும். பக்கச் சங்கிலி மெல்லியதாக இருந்தால்தான் உள்பக்கம் இடிக்காது. எங்கள் ஜீப்பில் டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே மூன்று விரற்கடைதான் இடைவெளி இருக்கிறது.

அளவு எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த நேரம் வீண் இல்லை. டயரில் வழக்கமான காற்று இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சணல் கயிறு வைத்து டயர் முகத்தைச் சுற்றி அளந்தேன், ஏழரை அடி. பக்கச் சங்கிலி அங்கே உட்காராது, முகத்திலிருந்து இரண்டரை அங்குலம் கீழே கன்னத்தில் உட்காரும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, கயிற்றை அதன் மேலேயே ஒட்டி வைத்து அளந்தால் 6 அடி 2 அங்குலம். பலர் முகத்தின் அளவையே பக்கச் சங்கிலிக்கும் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் ஓரடிக்கு மேல் தளர்ச்சி வரும், எப்படி இழுத்துக் கட்டினாலும் தொங்கும்.

படிக்குப் படி எவ்வளவு இடைவெளி என்பது அடுத்த கேள்வி. ஜீப்பைக் களியில் நிறுத்தி, டயர் தரையில் பதிகிற நீளத்தைப் பார்த்தேன். களியில் அமுங்கி நிற்கும்போது 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. எந்த நேரமும் ஒரு படியாவது தரையில் இருக்க வேண்டும். ஒரு படி கிளம்பி அடுத்தது வருவதற்குள் டயர் வெறும் ரப்பரில் நின்றால், அந்த ஒரு நொடியில் வழுக்கிவிடும். ஆகவே டயர் முகத்தில் 9 அங்குலத்துக்கு ஒரு படி, ஒரு சக்கரத்துக்கு 10 படி. பக்கச் சங்கிலியில் அது சரியாக ஒவ்வொரு பத்தாவது வளையத்திலும் வந்து விழுந்தது. மாட்டுவதற்கு வசதியாகப் போயிற்று.

படியின் நீளம்: டயர் முகம் 6 அங்குலம், இரண்டு பக்கமும் இரண்டரை, மொத்தம் 11. 8 மி.மீ. சங்கிலியில் 12 வளையம் எடுத்தால் 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து 20 படிக்கு 19 அடி போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அண்ணன்தான் தடுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு வளையத்தை வெட்டி எறிய வேண்டும், அந்த இருபது வளையம் கணக்கில் இல்லையே என்றார். சரி என்று 21 அடி வாங்கினேன். அதுவே மட்டாகத்தான் இருந்தது. பக்கச் சங்கிலி 26 அடி, கொக்கிக்கு 8 மி.மீ. ராடு 14 அடி.

கொக்கி வேலைதான் இதில் அழகான வேலை. 40 கொக்கி. கம்பத்தில் இன்னும் உலை வைத்து வேலை செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. கலப்பைக் கொழு, மண்வெட்டி, கருக்கரிவாள் என்று கையாலேயே அடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பெரியவர், மாட்டுக்கு லாடம் கட்டுவது மாதிரிதான் இது என்றார். வண்டி மாடு ரோட்டில் வழுக்காமல் இருக்க லாடம், ஜீப் களியில் வழுக்காமல் இருக்கச் சங்கிலி. லாட ஆணி குளம்பின் சதைப் பக்கம் திரும்பிவிட்டால் மாடு நொண்டும். கொக்கியின் வாய் ரப்பர் பக்கம் திரும்பியிருந்தால் டயர் கிழியும். நான் கேட்காமலேயே சொன்ன விஷயம் அது.

ராடை 4 அங்குலமாக வெட்டி, உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, பட்டறைக்கல்லில் நட்ட முளையைச் சுற்றி வளைப்பார். ஒரு கண் முழுசாக மூடி, அதற்குள் படியின் கடைசி வளையம். மறு கண் திறந்த வாய், அதைப் பக்கச் சங்கிலியில் மாட்டிச் சுத்தியலால் மூடுவது. வெல்டிங் மாதிரி இங்கே விரிசல் விடாது, ஏனென்றால் ஒரே ராடு வளைந்து நிற்கிறது. காய்ச்சியதைத் தண்ணீரில் போடாமல் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். முதல் நாலு கொக்கிக்கு நான் குறடு பிடித்தேன், அப்புறம் அவருடைய பேரன் பிடித்தான். நாற்பதும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

கோர்ப்பது வீட்டு முற்றத்தில். இரண்டு பக்கச் சங்கிலியையும் தரையில் தண்டவாளம் மாதிரி நேராக இழுத்துப் போட்டேன். படிகளை ஒவ்வொன்றாகக் கையில் உருவி, முறுக்கு இல்லை என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு படி அரைச் சுற்று முறுக்கியிருந்தாலும் அதன் நீளம் குறைந்து, அந்த ஒரு படி மட்டும் எல்லாச் சுமையையும் வாங்கித் தேயும். 20 படியில் மூன்றை நான் முறுக்கோடு மாட்டிவிட்டு, கொக்கியைத் திறந்து மறுபடி மாட்டினேன். எல்லாக் கொக்கியின் வாயும் வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று கடைசியாக ஒருமுறை விரலால் தடவிக்கொண்டே போனேன். தராசில் போட்டால் ஒரு சக்கரத்துக்கு ஏழரை கிலோ.

வெளிப்பக்கம் இறுக்கிப் பிடிக்க லாரி டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி, இரண்டு முனையிலும் எஸ் கொக்கி போட்டு, சக்கரத்தின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு இழுத்துக் கட்டினேன். டயர் அமுங்கி எழும்போது தளர்கிற கொஞ்சநஞ்சத்தை இந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். சங்கிலியை டிஸ்க்கோடு கட்டிப்போடக் கூடாது. என் முதல் தப்பு அதுதான் என்று இப்போது புரிகிறது. சங்கிலி டயரின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நகர்வதால்தான் டயரின் ஒரே இடம் தேயாமல் இருக்கிறது, அடைத்த களியும் கொட்டுகிறது.

மாட்டுவது எப்போதும் சேற்றுக்கு முன்னால். சேற்றில் மாட்டிக்கொண்ட பிறகு டயருக்கு அடியில் கையை விட்டுச் சங்கிலியைத் தேடுவது மாதிரி வேதனை வேறு இல்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு சாயாக்கடை இருக்கிறது, எதிரே சமதளம். பின் சக்கரங்களுக்கு முன்னால் சங்கிலியை விரித்துப் போட்டு, கடைசி ஒரு படி டயருக்கு முன்னால் மிஞ்சும்படி ஜீப்பை மெதுவாக முன்னால் எடுத்து நிறுத்த வேண்டும். கை பிரேக், சக்கரத்துக்குக் கல். மிச்சத்தை டயருக்கு மேலாகத் தூக்கிப் போட்டு, முதலில் உள்பக்கச் சங்கிலியின் முனைகளை மாட்ட வேண்டும், அப்புறம் வெளிப்பக்கம். உள்பக்கத்தை எந்த வளையத்தில் மாட்டினோமோ அதே எண்ணிக்கையில் வெளிப்பக்கமும், இல்லையென்றால் படிகள் சாய்ந்து நிற்கும். மிஞ்சிய நாலைந்து வளையங்களைக் கம்பியால் கட்டிவிட வேண்டும், தொங்கினால் அதுவே பிரேக் பைப்பை அடிக்கும். 50 மீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒரு வளையம் இழுத்து மாட்ட வேண்டும். முதல் தடவை இறுக்கும்போது எவ்வளவு பலமாக இழுத்தாலும், இந்த 50 மீட்டருக்கப்புறம் ஒரு வளையம் கட்டாயம் கிடைக்கும். மாமா இதை மூன்று தடவை சொல்லியிருந்தார். முதல் நாள் எனக்கு இரண்டு வளையம் கிடைத்தது.

இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால், போடாத சக்கரம் சுற்றும், போட்டது நிற்கும், எல்லா உழைப்பும் வீண்.

ஜூலை இரண்டாவது வாரம், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு முதல் ஏற்றம். ஆட்கள் யாரையும் ஏற்றவில்லை. பின்னால் எட்டு மூட்டை எரு மட்டும். ஓட்டியது எங்கள் வண்டிக்கார சேட்டன், நெடுங்கண்டத்துக்காரர், இந்த மலையை என்னைவிட நன்றாக அறிந்தவர். நான் பக்கத்தில் நடந்தேன். ஃபோர் வீல், லோ, ஃபர்ஸ்ட் கியர். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆள் நடக்கிற வேகத்தில் பின் சக்கரம் உருண்டது. ஒவ்வொரு படியும் களியில் அமுங்கி, ஒரு சின்னச் சப்பென்ற சத்தத்தோடு கிளம்பி, பின்னால் ஏணி மாதிரி அச்சு விட்டுக்கொண்டு போனது. போன வருஷம் நின்ற இடத்தில் இடது சக்கரம் அரை அடி வழுக்கியது. அடுத்த படி வந்து விழுந்ததும் நின்று, ஏறியது. "பிடிச்சு அண்ணா, பிடிச்சு!" என்று சேட்டன் கத்தினார். பலாமரத்தைத் தாண்டி மேலே நிறுத்தியபோது நான் டயரைத் தொட்டுப் பார்த்தேன். பட்டன் இடுக்கில் களி இருந்தது, ஆனால் படிகளின் ஓரம் சுத்தமாக இருந்தது.

இறங்குவது வேறு விஷயம், ஏறுவதைவிட அதைத்தான் நான் பயந்து செய்கிறேன். இறங்கும்போது பாரம் முன்பக்கம் போகும், அங்கே சங்கிலி இல்லை. பிரேக்கை மிதித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கும். இரண்டாம் நாள் அப்படி இரண்டு அடி சறுக்கியதைப் பார்த்தேன். அதிலிருந்து லோ ஃபர்ஸ்டில் இன்ஜினே பிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம், கால் பிரேக் மேல் போகாது. முன் சக்கரத்துக்கும் ஒரு ஜோடி செய்யலாமா என்று அளந்தேன். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் பட்டைக்கு மிக அருகில் வருகிறது, சங்கிலிக்கு இடம் இல்லை. அதனால் ஆட்கள் அந்த வளைவை இறங்கி நடந்தே வருகிறார்கள், காய் மூட்டை மட்டும் ஜீப்பில். அக்காக்களுக்காக வளைவின் ஓரமாக மண்ணை வெட்டி, கல் வைத்துப் படியும், கைப்பிடிக்குக் கயிறும் போட்டேன். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. சங்கிலி பாதையைக் கிழிக்கும். ஒரு வாரத்தில் இரண்டு தடமும் அரை அடி பள்ளமாகி, மழைத் தண்ணீர் அதிலேயே ஓட ஆரம்பித்தது. தண்ணீர் ஓடினால் பள்ளம் இன்னும் ஆழமாகும், கடைசியில் அச்சு தரையில் உட்கார்ந்துவிடும். மேல்பக்கம் ஓர் ஓடை வெட்டித் தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பி, பள்ளங்களில் சோலிங் கல், அதாவது பாதைக்கு அடியில் போடுகிற பெரிய கல், போட்டு இடித்தோம். சக்கரத்தைச் சுற்றவிட்டு ஏற்ற முயன்றால் சங்கிலி மண்வெட்டியாகிவிடும் என்பதையும் சேட்டனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே பார்த்துவிட்டார். ஒருமுறை வழுக்கினால் உடனே நிறுத்தி, நாலடி பின்னால் விட்டு, வேறு தடம் பிடித்து ஏறுகிறார்.

தார் ரோட்டுக்கு வந்ததும் சங்கிலி கழற்றியே ஆக வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் அரைக் கிலோமீட்டர் தாரில் அப்படியே போனோம். இரண்டு படி பளபளவென்று தேய்ந்திருந்தது, ரோட்டிலும் கோடு விழுந்தது.

டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் கழற்றி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, பழைய இன்ஜின் ஆயிலில் முக்கி எடுத்துச் சாக்கில் போட்டேன். கட்டுவதற்கு முன் படிகளை ஒவ்வொன்றாகக் காலிப்பரில் அளந்தேன். தரையில் படுகிற நடு வளையங்கள் 8 மி.மீ.யிலிருந்து ஆறேகால், ஆறரை என்று தேய்ந்திருக்கின்றன. ஓர வளையங்கள் அப்படியே புதுசாக இருக்கின்றன. ஒரே ஒரு படி மட்டும், ஐந்தாவது படி, ஐந்தரைக்கு வந்துவிட்டது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மே மாதம் உலை மூட்டும்போது அதே பெரியவரிடம் இரண்டு புதுப் படி அடித்து வாங்கி, மிச்சப் படிகளைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும், தேயாத முகம் தரையில் படும்படி. லாரி டியூப் வளையங்கள் நாலில் மூன்று வெடித்துவிட்டன, அவை வருஷா வருஷம் புதுசு வேண்டும்.